காகம் வராத தீவில் உங்கள் திதி

என்ரை அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் கை போகிறது. செத்தவரிடம் சுகம் விசாரிக்கிறாளே என்று வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இங்குள்ள தமிழ்ச் சங்க மலருக்கு உங்களைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். உங்களைப் பற்றி எழுத எனக்கு வராது, உங்களுக்கென்றால் எழுதலாம். முழங்கால் நோ இப்போது இல்லைத்தானே, அப்பா?

நான் நல்லாய்க் களைத்துப் போனேன். இதை இங்கே யாரிடமாவது சொன்னால் உடனே ஒரு மருந்தின் பெயரும் ஒரு புத்திமதியும் வந்துவிடும். நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன். விடியப்புறம் முதியோர் இல்லத்தில் வேலை. ஜெர்மன் கிழவர்களையும் கிழவிகளையும் எழுப்பி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வாயைத் திறவுங்கோ என்று கெஞ்சி ஊட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா காத்திருப்பார். அவருக்குச் சீனி பார்க்க வேண்டும், ஊசி போட வேண்டும், சமைத்துக் கொடுக்க வேண்டும். நீங்கள் போன பிறகு இந்த பீலெஃபெல்ட் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கலியாணம் கட்டவில்லை என்ற கவலை உங்களோடு போய்விட்டது என்று நினைத்தேன். அம்மா அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்.

மாரிக்காலத்தில் தம்பி மியூனிக்கிலிருந்து வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களைப் பாக்கப் பயமாய்க் கிடக்கு. வேலையிலை உர்லாப் எடுத்துக்கொண்டு எங்கையாவது போங்கோ" என்றான்.

"அம்மாவை ஆர் பாக்கிறது?" என்று கேட்டேன்.

"அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

பாருங்கள், என் ஓய்வுக்கு அவன் கண்டுபிடித்த வழியை. ஒரு கிழமை அம்மாவை நான் வைத்திருக்கிறேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, மாலைதீவில் கடலுக்கு மேலே கட்டிய வீடு ஒன்றை எங்களுக்குப் பிடித்துத் தந்தான்.

பாசம் இல்லாதவன் என்று சொல்ல மாட்டேன். உங்கள் திவசத்துக்கு முன்பே நாங்கள் திரும்பி வரும்படிதான் பார்த்துப் பதிவு செய்தான். ஆனால் அவன் பார்த்தது ஜெர்மன் கலண்டரை. நீங்கள் மோசம்போன தேதி அவனுக்கு நல்ல ஞாபகம். திதி பிறையோடு போகிறது, அது வருசத்துக்கு வருசம் முன்னே பின்னே வரும் என்பதுதான் மறந்துபோனது. எனக்கும் அது தோன்றவில்லை. மகன் பார்த்தால் சரியாய்த்தான் இருக்கும் என்று அம்மாவும் பேசாமல் இருந்துவிட்டார்.

வீடு என்றால் என்ன வீடு, அப்பா! மரத்தூண்களின் மேல் ஓலைக்கூரை போட்டுக் கடலுக்குள் வரிசையாய் நிற்கின்றன. உள்ளே அறை குளிரூட்டியது. அறை நிலத்தின் நடுவில் பெரிய கண்ணாடி பதித்திருக்கிறார்கள், கீழே மீன் ஓடுவது தெரியும். அம்மா அந்தக் கண்ணாடியில் ஒருநாளும் கால் வைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றித்தான் குளியலறைக்குப் போவார். "தண்ணிக்கு மேலை வீடு கட்டியிருக்கிறாங்கள். சுனாமி வந்தது உவங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டார். இங்கேயும்தான் வந்தது என்று நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பார்.

கட்டில் ஒன்றே ஒன்று. அதன் மேல் பூவிதழால் ஒரு இருதயம், துவாயை மடித்துச் செய்த இரண்டு அன்னம். புது மாப்பிள்ளை பொம்பிளை வருகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. வந்தது ஒரு சலரோகக்காரியும் கால் வீங்கின அவருடைய மகளும். "கடவுளே, பூவைக் கட்டில்லையோ கொட்டுறது!" என்று அம்மா அத்தனையையும் பொறுக்கி, பெட்டிக்குள் சேலைக்கு நடுவில் கொண்டுவந்த உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார். அன்னத்தை உதறிக் கால் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரித்தேன் என்று யோசித்தால் அதுவும் அலுப்பாக இருந்தது.

ஓய்வு எடுக்கத்தானே போனேன்? எடுக்கத் தெரியவில்லை, அப்பா. வேலைக்குப் போகிற நேரத்துக்குக் கண் தானாக முழித்துக்கொண்டது. வெளியே பலகைத் தளத்தில் சாய்வுக் கதிரை இருக்கிறது, படிக்கட்டில் இறங்கினால் கழுத்தளவு நீலத் தண்ணீர். பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் கிடந்தார்கள். நான் அம்மாவின் மருந்துகளை அடுக்கினேன், உடுப்புத் தோய்த்துக் கைப்பிடிக் கம்பியில் காயப் போட்டேன். அங்கே உடுப்புக் காயப் போடக் கூடாதாம். வந்து மரியாதையாகச் சொன்னார்கள்.

அம்மாவுக்குச் சாப்பாட்டு மண்டபம் பிடித்துக்கொண்டது. சூரை மீனைப் பச்சையாய் வைத்திருப்பதைப் பார்த்து, "இதிலை ஒரு குழம்பு வைச்சிருந்தால்!" என்று பெருமூச்சு விட்டார். பின்னேரங்களில் தளத்தில் இருந்துகொண்டு, "யாழ்ப்பாணம் எந்தப் பக்கம் பிள்ளை?" என்று கேட்பார். நான் உத்தேசமாக ஒரு பக்கம் கை காட்டுவேன். அங்கே திரும்பவும் சண்டை. இவ்வளவு கிட்ட வந்தும் போக ஏலாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்படி ஒரு பின்னேரம், இருட்டுப்படும் நேரம், அம்மா வானத்தைப் பார்த்தபடி விரல் மடிக்கத் தொடங்கினார். பீலெஃபெல்டில் மாரி முழுக்க முகில், அங்கே அவர் பிறையைக் கண்டு எத்தனையோ வருசம். தீவில் அது பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாய்த் தலைக்கு மேலே நின்றது.

"மாசி மாதம். வளர்பிறை. இது நவமியெல்லே?" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "பிள்ளை, நாளைக்குத் தசமி. நாளைக்குக் கொப்பற்றை திதி!"

தம்பிக்குப் போன் எடுத்தேன். "ஐயோ அக்கா, நான் தேதியைத்தானே பாத்தனான்" என்று பதறினான். சரி, நீயாவது காலையில் கோயிலுக்குப் போய் ஐயரைப் பிடி என்றேன். "நாளைக்கு வேலையிலை ஆக்களைச் சந்திக்கிற பெரிய டெர்மின் ஒண்டு கிடக்கு, அக்கா. நீங்கள் அங்கை ஏதாவது சமாளியுங்கோ" என்றான். சமாளியுங்கோ! என் பெயர்கூட என் காதில் அவ்வளவு தரம் விழுந்திருக்காது.

சமாளித்தேன். சாப்பாட்டு மண்டபத்தில் தாமஸ் என்று ஒரு சமையல்காரர், கன்னியாகுமரிப் பக்கத்து மனிதர், எங்கள் தமிழைக் கேட்டு முதல் நாளே வந்து கதைத்தவர். அவரிடம் போய் விசயத்தைச் சொன்னேன். இங்கே எல்லாச் சட்டியும் மச்சம் புழங்கின சட்டி, அம்மா தொட மாட்டார் என்றேன். "மீன் படாத பாத்திரந்தானேம்மா? புதுசு ஒண்ணு கெடக்கு. காலைலயே வச்சுத் தாரேன், கவலப்படாதீங்க" என்றார். சொன்னபடி காலையில் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, பூசணிக்காய் எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தீவில் அழகுக்கு வளர்க்கிற வாழையிலிருந்து ஒரு இலையும் வெட்டி வந்திருந்தார். அந்த மனிதரை நான் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன்.

சோறு மேசைக்கு வந்ததும் அம்மாவுக்கு ஊசியைப் போட்டேன். அதுதான் நான் செய்த பிழை. இந்த ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சீனி இறங்கி ஆள் மயங்கிப் போகும், உயிருக்கே ஆபத்து. உங்கள் படத்துக்குப் படைத்து, கும்பிட்டு, தளத்துக் கம்பியில் இலைத்துண்டில் சோறு வைத்து, கா கா என்று கூப்பிட்டோம். பீலெஃபெல்டில் பலகணியைத் திறந்தால் காகம் வந்து நிற்கும், ஒருநாளும் காத்திருந்ததில்லை. தீவில் ஒரு காகத்தையும் காணவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த நாளிலிருந்து நான் ஒரு காகம்கூடக் கண்டதில்லை.

தாமஸுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "இங்க காக்கா வராதேம்மா. வந்தாலும் கெஸ்டுக்குத் தொந்தரவுன்னு வெரட்டிருவாங்க" என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன்.

"வரும். கொப்பர் எப்பவும் பிந்தித்தான் வாறவர்" என்றார் அம்மா.

"அம்மா, ஊசி போட்டாச்சு. நீங்கள் சாப்பிடோணும்."

"காகம் எடுக்காமல் நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. இண்டைக்கும் மாட்டன்."

கொக்கு ஒன்று பறந்து வந்து கம்பியில் நின்றது. "அம்மா, பறவைதானே, அது எடுக்கட்டும்" என்றேன். "அது மச்சம் தின்னிறது" என்று அம்மா சேலைத் தலைப்பை வீசி அதைக் கலைத்துவிட்டார். சிரிக்க வேண்டிய விசயம்தான், ஆனால் அவருடைய மேலுதட்டில் வேர்வை பொடிப்பதை நான் பார்த்துவிட்டேன். கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பழச்சாறு கொண்டுவந்து வாயில் வைத்தேன். முதியோர் இல்லத்துக் கிழவிகள் செய்வார்களே, அதே மாதிரி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். அங்கே நான் கெட்டிக்காரி, எப்படிப்பட்ட ஆளையும் சாப்பிட வைத்துவிடுவேன் என்று பெயர். அதே வித்தை எல்லாவற்றையும் என் தாயிடம் காட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

எனக்கு விசர் வந்தது, அப்பா. பழச்சாற்றுக் கிளாசை மேசையில் அடித்து வைத்துவிட்டுக் கத்தினேன். "அவர் வரமாட்டார் அம்மா! அப்பாவுக்குச் சோறு வைக்க நான் இருக்கிறன். உங்களுக்கு வைக்கவும் நான் இருக்கிறன். எனக்கு ஆர் இருக்கினம்? நான் செத்தால் ஆர் நிண்டு காகத்தைக் கூப்பிடுவினம்? விடியத் தொடங்கினால் எல்லாற்றை வாயையும் பாத்துக்கொண்டு நிக்கிறன். நான் சாப்பிட்டனோ எண்டு இந்த உலகத்திலை ஒரு ஆள் கேட்டதோ?" பக்கத்து வீட்டுத் தளத்தில் கிடந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். நான் பலகையில் குந்தியிருந்து அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா எழும்பினார். நடுங்கின கையால் கம்பியிலிருந்த இலையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் கஷ்டப்பட்டு இருந்தார். பருப்பையும் சோற்றையும் குழைத்தார்.

"வாயைத் திற."

"அம்மா, அது அப்பாவுக்கு வைச்சது."

"கொப்பர் கடைசி மட்டும் உன்ரை கையாலைதானே சாப்பிட்டவர். உனக்குத் தந்தால் அது அவருக்குப் போகாதோ? திற எண்டால் திற."

திறந்தேன். எனக்கு ஊட்டிவிட்டு அதே இலையிலிருந்து தானும் ஒரு வாய் வைத்தார். பிறகு பழச்சாற்றைக் குடித்தார். மாறி மாறி, எனக்கொரு வாய் தனக்கொரு வாய் என்று அந்த இலை முடிந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய நடுக்கம் நின்றது. சீனி பார்த்தேன், ஏறியிருந்தது. "கறிக்கு உப்புக் காணாது" என்றார் அம்மா. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உங்களுக்கு வந்து சேர்ந்ததா, அப்பா? பசியாறினீர்களா? அம்மா சேர்ந்திருக்கும் என்கிறார். நான் கேட்டால் பதில் வராது என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் நான் அடித்துப் போட்ட மாதிரி நித்திரை கொண்டேன். அம்மா கட்டிலில் இருந்து என் தலையைத் தடவினார் என்று நினைக்கிறேன், அல்லது நான் கண்ட கனவோ தெரியாது. எழும்பினபோது வெயில் சாய்ந்துவிட்டது. முகம் கழுவிவிட்டுத் தம்பிக்குப் போன் எடுத்தேன். "இனித் திவசம் உன்ரை வீட்டிலை. திதியை நீதான் பாக்கோணும். அம்மா ஒவ்வொரு மாதமும் ஒரு கிழமை உன்னோடை இருப்பா" என்றேன்.

"அக்கா, எனக்கு ஊசி போடத் தெரியாதே!"

"சமாளி" என்றேன்.

இப்போது மாலைதீவும் முடிந்து மழையும் குளிருமாய் இங்கே வந்துவிட்டோம். களைப்புப் போய்விட்டதா என்று கேட்காதீர்கள், போகவில்லை. நாளைக்கு அம்மாவைக் கூட்டிப்போகத் தம்பி வருகிறான். மருந்துப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். "என்னை அனுப்பிப்போட்டு நீ தனிய இருந்து என்ன செய்யப்போறாய்?" என்று அம்மா காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இந்த வீட்டில் நான் மட்டும் இருந்ததே இல்லை.

ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அப்பா. நாளைக்கு வேலையால் வந்து, ஒருத்திக்காக என்ன அடுப்பு மூட்டுவது என்று பாண் துண்டைக் கடித்துக்கொண்டு படுக்க மாட்டேன். எனக்காக உலை வைப்பேன். ஒரு கறியாவது காய்ச்சுவேன். தட்டில் போட்டுக்கொண்டு, மேசையில் இருந்து, ஆறுதலாகச் சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்
வசந்தி