இரண்டு கேமராவும் என் மூக்கும்

ஞாயிற்றுக்கிழமை, இரவு

ஒரு கேமரா வாங்குவதற்குள் ஒரு மாதமாக என் உயிரை எடுக்கிறார் இந்த மனுஷர். சிவப்புக் கோடு போட்டதா, மஞ்சள் வார் வைத்ததா? சாப்பிடும்போதும் அதே பேச்சு.

இன்று கும்மிடிப்பூண்டி கடையில் இரண்டையும் எடுத்து வைத்தார்கள். சிப்காட் கம்பெனியில் உதிரிபாகங்களைச் சோதிக்கிற வேலை இவருக்கு. அதே கண்ணோடு கேமராக்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை நிற்கவைத்து, சிவப்புக் கோட்டுக் கேமராவால் என் முகத்தின் இடது பக்கமும் மற்றதால் வலது பக்கமும் படம் எடுத்துப் பெரிதாக்கினார்.

"இன்னாபா இது, மூக்காண்ட கருப்பா புள்ளி விழுது? இது ரிஜெக்ட். அதுல பாரு, கிளீனா கீது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"சார், அது அக்கா மூக்குல கீற மச்சம் சார்."

கடையே சிரித்தது. கல்யாணமாகி எட்டு வருஷம்! இவரோ, "அப்போ ரெண்டுமே ஓகேதான். மறுபடி யோசிக்கணுமே" என்றார். வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

இப்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு போனில் மறுபடியும் இரண்டையும் ஒப்பிடுகிறார். மச்சம் இருக்கிற பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மனுஷர் இன்னும் நிமிர்ந்தபாடில்லை.