வித்யா முனை

ஜனவரி 9, வெள்ளி
பிளசன்டனில் காலையிலிருந்து மழை. நிலாவை டேகேரில் விட்டுவிட்டு, காரிலேயே மெயில் பார்த்தேன். அண்டார்க்டிகாவில் இடங்களுக்குப் பெயர் வைக்கும் குழுவிடமிருந்து. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பெயரில்லாத ஒரு பாறை முனைக்கு என் பெயராம். முன்மொழிந்தவர் என் கணவர் கார்த்திக், பாறை ஆராய்ச்சியாளர், இப்போதும் அங்கேதான். நான் உயிரோடு இருப்பதால் என் சம்மதம் வேண்டுமாம்.

உயிரோடுதான் இருக்கிறேன்.

இணைப்பில் முனையின் வர்ணனை: செங்குத்தானது. பத்து மாதம் பனி. படகு ஒதுங்க இடமில்லை. கீழே, பெயரிடக் காரணம்: 'பொறுமையான மனைவி.'

பதினோரு வருடமாக நான் பல் டாக்டர். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொறுமையான மனைவி.

ஜனவரி 11, ஞாயிறு
பால், முட்டை, நிலாவுக்கு மழை ஷூ. எல்லாம் மறந்தேன்.

கோவையிலிருந்து மாமியார்: "உலக மேப்புலயே உம்பேரு வருதாமா! கார்த்திக்கு உம்மேல அத்தனை பாசம்." ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான். என்னைத் தவிர.

பொங்கல் விழா ஒத்திகையில் ஒரு ஆன்ட்டி: "சோ ரொமான்டிக்! எங்க வீட்டுக்காரர் ஒரு காபிகூடப் போட்டுக் குடுத்ததில்ல." சிரித்து வைத்தேன். சிரித்ததற்கு என்மேலேயே எரிச்சல்.

ஐந்து டிசம்பர், ஐந்து ஜனவரி அவன் அந்தப் பனியில். முதல் வருடம் நிலா பிறந்தாள். வலியோடு ஆஸ்பத்திரிக்கு நானே கார் ஓட்டிப் போனேன். டேகேர் ஃபார்மில் 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது' என்ற இடத்தில் இன்றும் பக்கத்து வீட்டுக்காரி பெயர்.

'சம்மதமில்லை' டிக் பண்ணி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்
நிலாவுக்குக் காது வலி. காய்ச்சல் 102. இன்றைய அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ரத்து. அந்த நேரம் பார்த்து சாட்டிலைட் போனில் கார்த்திக்.

"மெயில் வந்துச்சா? எப்படி சர்ப்ரைஸ்?"

"வேண்டாம்னு அனுப்பிட்டேன்."

இரைச்சல். காற்றா, அவன் மூச்சா, தெரியவில்லை.

"வித்யா, ஆசையாத்தானே பண்ணேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"என்கிட்ட கேட்டியா?"

"சரி, அந்த 'பொறுமையான'ங்கறத எடுத்துடறேன்."

"அது தீர்ந்து ரொம்ப நாளாச்சு. குழந்தைக்கு 102. தெரியுமா உனக்கு?"

தோளில் கிடந்த நிலா போனைப் பிடுங்கினாள். "அப்பா, மை இயர் ஹர்ட்ஸ். ஆர் யூ கமிங்?"

"மார்ச்ல வந்துடறேன் கண்ணா."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அழவில்லை. அதுதான் தாங்கவில்லை எனக்கு.

ஜனவரி 16, வெள்ளி
வெயில். காய்ச்சல் இல்லை. குழுவின் பதில் ஒரே வரி: முன்மொழிவு கைவிடப்பட்டது. கார்த்திக்குக்கும் நகல் போயிருக்கிறது. உடனே கூப்பிட்டான்.

"அப்ப அந்த முனைக்கு என்ன பேருதான் வைக்கறது?"

"உன் பேரை வை. நீதானே அங்க இருக்கே."