இன்னும் வாங்காத காருக்கு இழுத்த லைன்

குலசேகரம்
18.2.2017

அன்பு மகள் ஜெஸ்பினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், ஓஸ்லோ குளிரில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு சுகர் குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. மக்கா, புது வீட்டுக் கார் ஷெட்டுக்கு நீ சொன்ன லைன் இழுத்தாயிற்று! போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய் என்றுதான் பத்து நாளாக மூச்சு விடாமல் இருந்தேன்.

பின்னாளில் கரண்ட் கார் வாங்கினால் சார்ஜ் போட வேண்டும், தரை போடும் முன்னே மீட்டரிலிருந்து தனியாக பைப் புதைத்து ஆறு எம்.எம். வயர் இழுத்துவிடுங்கள் என்று கிறிஸ்துமஸுக்கு வந்தபோது படம் வரைந்து தந்தாயே, அதைப் பார்த்து உன் பெரியப்பா குமாரதாஸ் சிரித்தது உனக்கே தெரியும். உன் அப்பாவிடம் இருப்பது பழைய ஸ்கூட்டர் ஒன்று, எருமை வாங்கும் முன்னே நெய் விலையா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நீயும் சண்டை வேண்டாம், விட்டுவிடு அம்மா என்றாய். எனக்கு மனசு வரவில்லை. நீ எலக்ட்ரிக்கல் எடுத்தபோது, பொம்பளப் பிள்ளைக்கு போஸ்டுல ஏறுக படிப்பா என்று கேட்டவரும் அவர்தான். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. அது இத்தனை வருஷமும் என் நெஞ்சில் கிடந்தது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை சிமென்ட் கலக்க ஆள் வந்தாயிற்று. மேற்பார்வைக்கு வந்த பெரியப்பா, பைப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், தரையைப் போடுங்க என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டார். அப்பா வழக்கம்போல அண்ணன் முன்னால் பேசாமல் நிற்கிறார். நான் மீன்குழம்பை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டு ஷெட்டு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் பிள்ளை சொன்ன பைப்பைப் புதைக்காமல் ஒரு சட்டி சிமென்ட் இங்கே விழாது என்றேன். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் எர்த் வயர் இறக்கும் குழியைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்தது அன்றைக்குத்தான். எலக்ட்ரீஷியன் ரசலையனைக் கூப்பிட்டு பைப்பைப் புதைத்து வயரும் இழுத்தோம், எர்த் குழிக்குக் கரியும் உப்பும் என் கையால் போட்டேன். குழம்பு தீய்ந்துபோனது, போகட்டும்.

பெரியப்பா அதோடு விடுவாரா. காரே இல்லை, லைன் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும் என்றார். நேற்று ஷெட்டுக்கு கேட் வைக்க யூஜின் வெல்டிங் மெஷினோடு வந்தான். அது ஓடினால் பக்கத்து வீட்டு ஃபேன்கூட மயங்கிவிடும். ஷெட்டுச் சுவரில் உன் லைனுக்கு வைத்த பாயிண்டிலேயே மாட்டச் சொன்னேன். ஒரு மணி நேரம் பொறி பறந்தது, அடுக்களையில் லைட் ஒரு தடவைகூட மங்கவில்லை, நான் பாட்டுக்கு மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். ரசலையன் வயரைத் தொட்டுப் பார்த்து, சூடே இல்ல அக்கா, பிள்ளை போட்ட கணக்கு கொள்ளாம், நல்லாருக்கு என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெரியப்பா சுவரிலிருந்த அந்த பாயிண்ட் பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், எனக்க மகன் ஷிபினுக்க வீட்டுக்கும் ஷெட்டு எடுக்கணும், அந்தப் படத்த இங்க தா பிள்ளே என்றார். நான் தரவில்லை. வரைந்தவளிடமே கேளுங்கள் என்று உன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரட்டும் என்று மார்ச் பாதியில்தான் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், அதுவரை காத்திருக்கட்டும். மரியாதையாகப் பேசு, தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிக்கொடு. ஆனால் நீயாக முந்திக்கொண்டு ஆரம்பித்துவிடாதே மக்கா, முதலில் அவர் வாயால் உன்னிடம் கேட்கட்டும்.

ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பார். வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அம்மா,
ஜெ. பூங்கனி