பக்தாத்தில் சும்மா கொடுத்த காகிதம்

என் அருமை வாப்பாவுக்கு,

நீங்கள் இல்லாமலே உங்கள் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அடுத்த மாதம் பாளையங்கோட்டைப் பேராசிரியர் வந்து கைப்பிரதியை வாங்கிப் போவார். முகப்பில் நான் ஏதாவது எழுத வேண்டுமாம். முன்பின் தெரியாதவர்களுக்கு நான் என்ன எழுத? உங்களுக்கே எழுதுகிறேன். அவர்கள் வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

இஸ்லாத்தின் முதல் முந்நூறு வருஷங்களில் கல்வி எப்படி வளர்ந்தது என்று ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே எழுதினீர்கள். ஒரு செய்தியை யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், இருவரும் நேரில் சந்தித்தார்களா, ஞாபகசக்தி எப்படி என்று அந்தக் கால அறிஞர்கள் ஒவ்வொரு அறிவிப்பாளரையும் சோதித்த விதம்தான் உங்களுக்கு உயிர். வீட்டிலும் விடவில்லை. "மழை வரும்னு சொல்லுதாக, குடை எடுத்துக்கிடுங்க" என்று உம்மா சொன்னால், "யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது?" என்பீர்கள். "நனைஞ்சி வந்து நீங்களே சொல்லுங்க" என்பாள் உம்மா. அப்படியே நனைந்தும் வந்தீர்கள்.

போன வாரம் நாலாம் அத்தியாயத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். பக்தாத் காகிதக் கடைத் தெருவைப் பற்றிய பக்கம். "வெள்ளிக்கிழமைதோறும் கடைக்காரர்கள் சேதமான தாள்களைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்தார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அழகான செய்தி. மற்ற எல்லா வரிக்கும் அடியில் நூலின் பெயர் இருக்கிறது. இதற்கு மட்டும் நம்மூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் பெயர்.

வாத்தியாரிடம் ஆள் விட்டுக் கேட்டேன். கடைத்தெருவில் நோட்டுப்புத்தகம் விற்கிற அண்ணாச்சி சொன்னதாம். உம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"அதச் சொன்னதே நீதான மக்கா!" என்றார் அவர். "உலகச் சண்டைக் காலத்துல, தாளே கெடைக்காதப்ப வந்து நின்னியே. பக்தாத்துல சும்மா குடுப்பாவளாம், எங்க வாப்பா படிச்சாகன்னு சொல்லலியா? நானும் ரோசப்பட்டுல்லா குடுத்தேன். பக்தாத்துக்காரன் குடுக்கும்போது சங்கரன்கோயில்காரன் குடுக்கக் கூடாதா?"

எனக்கு அப்போது பத்து வயசு, வாப்பா. படம் வரையத் தாள் வேண்டியிருந்தது. பக்தாத் தூரத்தில் இருந்ததால் தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

"இன்னைக்கும் வெள்ளிக்கிழமைன்னா கிழிஞ்ச தாளு பிள்ளைகளுக்குத்தான்," என்றார் அண்ணாச்சி. "பக்கத்துக் கடைக்காரரும் குடுக்காரு." பிறகு, "உங்க வாப்பாவும் இதத்தான் வந்து விசாரிச்சாக. உங்க வீட்டுப் பிள்ளதான் சொல்லுச்சுன்னேன். அப்படியான்னு சிரிச்சிட்டுப் போயிட்டாக," என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து குறிப்புச் சீட்டுகளைத் தேடினேன். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இருந்தது, உங்கள் பொடி எழுத்தில்: "மகள் எங்கேயோ படித்திருக்கிறாள். எந்த நூல் என்று கேட்க வேண்டும்."

பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோமே வாப்பா, ஏன் கேட்கவில்லை? மறந்துவிட்டீர்களா? ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆட்களை எல்லாம் நிறுத்தி விசாரித்தீர்களே, அடுத்த அறையில் இருந்தவளை விட்டுவிட்டீர்களே!

அந்த வரியை அடிக்கப்போகிறேன் என்றதும் உம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மவுத்தானவுக எழுத்துல கை வைப்பியா? அவுக பேரு என்னத்துக்கு ஆகும்?"

"ஒரு பொய் இருந்தா மத்த எதையும் நம்ப முடியாதுன்னு அவுகளே ரெண்டாம் அத்தியாயத்துல எழுதியிருக்காக உம்மா. விட்டா அந்தப் பேருதான் போவும்."

உம்மா பேனாவோடு அடுக்களைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலை, ஆப்பம் சுட்டுக்கொண்டே, "ஏட்டி, அண்ணாச்சி குடுக்கது நெசந்தான?" என்றாள்.

"நெசந்தான்."

"நீ கண்ணால பார்த்தியா?"

"வாங்கியே இருக்கேன்."

"அப்ப பக்தாத்த அடிச்சிட்டுச் சங்கரன்கோயில்னு போடு. உண்மையாப் போச்சில்லா!"

உங்கள் அறிஞர்கள் யாருக்கும் தோன்றாத வழி. மேலே உங்கள் வரியை அடித்துவிட்டேன். கீழே அடிக்குறிப்பில், இந்த வழக்கம் பக்தாத்தில் இருந்ததாகச் சான்று இல்லை, நம் சங்கரன்கோயிலில் இருக்கிறது, பக்தாத்தைப் பற்றிய பொய் என்னுடையது என்று என் பெயரிலேயே எழுதியிருக்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்கள் பெயருக்கு வராமல் எனக்கு வரட்டும்.

இன்னும் மூன்று அத்தியாயம் பாக்கி. ஒவ்வொரு வரிக்கும் மூலநூலைப் பார்த்த பிறகே படியெடுப்பேன். நீங்கள் எழுதியது என்பதற்காக ஒன்றையும் விடமாட்டேன், வாப்பா. இது சத்தியம்.

நீங்கள் விசாரிக்காமலே நம்பிவிட்ட ஒரே அறிவிப்பாளர்,
உங்கள் மகள் மைமூன்