நாற்பது பேரும் ஒரு வண்டித் தோலும்

1934 மார்ச் 4

சுண்ணாம்புக் குழிகளின் சக்கரவர்த்தி, ஆவாரம்பட்டைத் தொட்டிகளின் ஏகபோக அதிபதி, அப்துல் கரீம் சாயபு தோல் கிடங்கின் மேஸ்திரியாகிய நான் இன்று காலை தும்மினேன். ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிட்டது. மற்றபடி விசேஷமில்லை.

சேரிக் கிணறு இந்த வருஷம் வாயில் வைக்க முடியாத உப்பு. எல்லாம் எங்கள் கிடங்குக் கழிவுதான். அக்கா அன்னம்மாள் குடத்தோடு பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டப் போகிறாள். அவள் மகன் இருதயராஜ், பள்ளிக்கூட வாத்தியார், சங்கம் கூட்டியிருக்கிறான். கடைத்தெருக் கிணற்றில் நாங்களும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று பஞ்சாயத்து போர்டுக்கு மனு. எல்லோரும் கைரேகை வைத்தார்கள். நான் கையெழுத்தே போட்டேன், பாதிப் பக்கத்துக்கு.

மார்ச் 19

போர்டு மெம்பர் கோதண்டராம செட்டியார் மனுவை வாங்கிக்கொண்டார். "நியாயமாத்தான் கேக்குறீங்க, பாக்கலாம்" என்றாராம். அக்கா புதுக் கயிறு திரித்து வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2

யேசடியான் கெடுத்தான். எங்கள் கிடங்கில் தோல் சுரண்டுகிறவன், சங்கத்திலும் இருந்தவன். இரண்டு வாரமாகியும் பதில் இல்லையென்று, சுண்ணாம்பு சொட்டும் ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைக் கடைத்தெருக் கிணற்றில் வீசிவிட்டான். தனி ஆளாக, பட்டப்பகலில்.

இருதயராஜ் அவனை அந்த நிமிஷமே சங்கத்தைவிட்டு நீக்கினான். கிணற்றைத் தானே இறைத்துச் சுத்தம் செய்து தருகிறேன் என்று போனான். கடைத்தெருக்காரர்கள் கயிற்றைத் தொட விடவில்லை.

ஏப்ரல் 3

செட்டியார் பட்டை வண்டியோடு கிடங்குக்கு வந்தார். தோல் பதனிடும் ஆவாரம்பட்டையை அவரிடம்தான் வாங்குகிறோம். சரக்கு இறங்கும்வரை என்னிடம் கதை கேட்பது அவர் வழக்கம். அவர் சிரித்தால் எனக்கு ஒரு குஷி.

"இன்னா மேஸ்திரி, நேத்து உங்காளுங்க பண்ண கூத்த சொல்லு."

"நாப்பது பேருங்க சாமி. ஒரு வண்டித் தோலு. கெணறு ரொம்பி வழிஞ்சி, ஒரு மாடு அதும்மேலயே நடந்து அந்தாண்ட போயிடுச்சி."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயபுவும்கூட.

ஏப்ரல் 16

மனு தள்ளுபடி.

போர்டு கூட்டத்தில் செட்டியார் எழுந்து, "நாப்பது பேரு, ஒரு வண்டித் தோலு. நான் சொல்லலே, அவங்க மேஸ்திரியே சொன்னான்" என்றாராம். மாட்டை மட்டும் விட்டுவிட்டார். இந்தச் சங்கம் முழுக்கவே காலிகள் என்று எழுதிக்கொண்டார்கள்.

இருதயராஜ் கிடங்கு ஆட்களிடம் முழுக் கதையும் கேட்டுவிட்டு வந்தான். "மாமா, மாடு எந்தப் பக்கமா போச்சி?" என்று மட்டும் கேட்டான்.

ஏப்ரல் 17

போனேன். செட்டியார் கடைக்கு எதிரே, தெருவில் நின்றேன்.

"ஒருத்தன்தாங்க சாமி. ஒரே ஒரு துண்டு. அவனையும் சங்கத்தவுட்டுத் தள்ளிட்டாங்க."

செட்டியார் கடையில் இருந்தவர்களைப் பார்த்தார். "கேட்டீங்களா, மேஸ்திரி இன்னிக்கிப் புதுக்கத கொண்டாந்திருக்கான்." எல்லோரும் சிரித்தார்கள். ஆயுசில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னேன், அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

போன ஆடியில் எங்கள் சேரிச் சவுரியம்மாள் அந்தக் கிணற்றருகே யாராவது ஒரு குடம் ஊற்றுவார்களா என்று நின்றாள். செட்டியாரின் மச்சான் குடத்தை உடைத்தான், கையையும் உடைத்தான். அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று செட்டியாரைக் கேட்டேன்.

"அவன் குடிகாரன்டா. ஒருத்தன் பண்ணதுக்குத் தெருவே இன்னா பண்ணும்?"

அவர்களில் ஒருவன் தப்புச் செய்தால் அவன் ஒருவன். எங்களில் ஒருவன் செய்தால் மொத்தச் சேரி. இது என்ன நியாயம்? அதிலும் நாற்பது என்று எடுத்துக் கொடுத்தவன் நான். ஒன்று என்று சொல்லியிருந்தாலும் மனுவைத் தள்ளியிருப்பார்களோ? தள்ளியிருப்பார்கள். ஆனால் காரணத்தை அவர்களே தேடியிருக்க வேண்டும் — நான் ஏன்டா வாயில ஊட்டுனேன்?

மே 1

செட்டியார் வந்தார். கதை கேட்டார். பட்டை நனைந்திருக்கிறது என்றேன்.

மே 23

அக்காவுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. புதுக் கயிறு ஆணியிலேயே தொங்குகிறது; ஆற்று ஊற்றுக்குக் கயிறு வேண்டாம். இன்று குடத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன். திரும்பும்போது வழியில் பட்டை வண்டி. செட்டியார் நிறுத்தினார்.

"இன்னா மேஸ்திரி, பாதாளம் வரைக்கும் தோண்டுனியா?"

"நாலு மொழந்தாங்க."

முகத்தில் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்புறம்?"

"ஒரு கொடம் தண்ணிங்க."

இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டியை ஓட்டச் சொன்னார்.