நான் பஸ் ஓட்டுவதை நிறுத்திய விவரம்

திருவண்ணாமலை
11.10.1983

அன்பு மகள் வள்ளிக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். நான் இப்போது பஸ் ஓட்டுவதில்லை. வேறு யாராவது எழுதி உனக்குத் தெரிவதற்குள் நானே எழுதுகிறேன். சித்திரையில் கழுத்து வலி ஆரம்பித்தது, இடது பக்கம் திரும்பினால் தலை சுற்றும். பித்தம் என்று அம்மா இஞ்சிச் சாறு கொடுத்தாள். தலையணை உயரம் ஜாஸ்தி என்றார் கண்டக்டர் மொய்னுதீன், அதை எடுத்துவிட்டேன். மருந்துக் கடைக்காரர் பிரஷர் என்றார். கண்ணாடிக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். சுற்றல் மட்டும் மாறவில்லை. இத்தனையும் செய்துகொண்டே தினம் செங்கத்துக்கு நாலு நடை ஓட்டினேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, செங்கத்திலிருந்து திரும்பும்போது, வளைவில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்க இடது பக்கம் பார்த்தேன், ரோடு அப்படியே புரண்டு மேலே வந்தது. பிரேக்கை மிதித்து, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டேன். உள்ளே அறுபது பேர். யாருக்கும் காயமில்லை, ஒருவர் கூடைத் தக்காளி மட்டும் நசுங்கியது. ஓடி வந்த மொய்னுதீனிடம் சாவியைக் கொடுத்து, "பாய், இனிமே நான் எடுக்க மாட்டேன்" என்றேன். ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

டாக்டர் கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு தேய்ந்திருக்கிறதாம். ஆனால் சுற்றலுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாதாம், காதுக்குள் கோளாறு இருந்தாலும், பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும், ரத்தம் கம்மியானாலும் வருமாம், ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறார். கை மரத்தாலோ பேச்சு குழறினாலோ அந்த நிமிஷமே வரச் சொல்லியிருக்கிறார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார், நாலு மாதம் என்றேன். என்ன வேலை என்றார், சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

முதலாளி பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கும் வேலை கொடுத்திருக்கிறார். செங்கத்துக்குப் பூ கொண்டுபோகும் பச்சையம்மாள் நேற்று என்னைத் தேடி வந்தாள். "நீங்க ஓட்டனா கொழந்தைய மடியில போட்டுக்கினு நானும் தூங்கிடுவேன், இப்ப முழிச்சிக்கினே போறேன்" என்று குறைப்பட்டாள். அந்த நாலு மாதமும் அவள் என் வண்டியில்தான் தூங்கினாள். முழித்துக்கொண்டே போம்மா என்றேன். இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

உடம்புக்கு எதுவானாலும் நீ முதலில் டாக்டரிடம் போ, என்னைப் போல நாள் கடத்தாதே. தீபத்துக்கு வருவதானால் மாப்பிள்ளையை இப்போதே ரிசர்வேஷன் செய்யச் சொல். இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு
உன் அப்பா
சகாதேவன்