தாடைச் சத்தம்

வியாழன், இரவு

பிளஸ் ஒன் படிக்கிற மகள் கயலுக்குத் தாடை மூட்டில் வலி. இட்லியைக்கூடப் பிட்டு வைத்துக்கொண்டு யோசிக்கிறாள். இன்று ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண்மணி, நாக்கை மேலண்ணத்தில் வைத்து, கண்ணாடியைப் பார்த்து மெதுவாக வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். என் காது தானாகக் கிட்டே போய்விட்டது. பீங்கான் கம்பெனியில் சாமான்களைத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. விரிசல் விட்டதை ஒதுக்கிவிடுவோம். அது கயலுக்கும் தெரியும்.

"டக்குன்னுச்சே, கேட்டீங்களா?" என்றேன். கயல் உடனே வாயை மூடிக்கொண்டாள்.

"சத்தத்த வுடுங்க சார். வலிக்காம தெறக்குதான்னு மட்டும் பாருங்க. நீங்க காத வச்சா புள்ள பல்லக் கடிக்குது," என்றார் அந்த அம்மா.

ராத்திரி சாப்பிடும்போது கயல் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

"எதுக்குடி இவ்ளோ சத்தம்?" என்று அவள் அம்மா கேட்டாள். கயல் என்னைப் பார்த்தாள்.

தட்டோடு எழுந்து வாசலுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் டிவி சத்தம் குறைந்தது.